பூட்டிய வீடுகள் கூறும் வரலாறு

வரலாறு என்றதும் கோயில்களையும் கோட்டைகளையுமே நாம் எண்ணுகிறோம். மக்கள் வாழ்ந்து, பின்னர்ப் பூட்டிச் சென்ற வீடுகளும் வரலாற்றுச் சான்றுகளே. செட்டிநாட்டு ஊர்களில் இத்தகைய வீடுகள் பல உள. அவற்றுள் ஒன்று என் அப்பச்சியின் பூர்வீக வீடு. அதனையே சான்றாகக் கொண்டு இக்கட்டுரையை வரைகிறேன்.

அமைப்பு

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்பது அதன் வரிசை. முகப்பு விருந்தினரை வரவேற்கவும் கணக்கு எழுதவும் உரிய இடம். வளவு என்பது திறந்த முற்றமும் அதனைச் சுற்றிய பகுதியும் ஆகும். முற்றத்தின் இருபுறமும் வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. மணமான மகனை 'வேறு வைப்பது' எங்கள் வழக்கம். அடுப்பு தனி, வீடு பொது. தூண்கள் பர்மாத் தேக்கு. சுவர்ப்பூச்சு, சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்தது. இன்றும் தொட்டால் குளிர்கிறது.

பொருள் வந்த வழி

1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றிய பின், அங்கே நெற்பயிர் பெருகிற்று. உழவர்க்குக் கடன் கொடுத்தோருள் நகரத்தார் முதன்மையானவர். 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனுக்கு ஈடாக நிலமே வந்து சேர்ந்தது. 1930-களின் இறுதியில், கீழ்ப்பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவர்கள் கையில் இருந்தது. அந்நாட்டு உழவரின் இழப்பும் இதில் அடங்கும் என்பதை மறத்தலாகாது. 1942-இல் ஜப்பானியப் படை புகுந்தது. 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பர்மாப் பேரேடு இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் பற்று உண்டு, வரவு இல்லை.

பூட்டிய காரணம்

வருவாய் நின்றதும் பிழைப்புக்காகப் பலர் சென்னைக்கும் மதுரைக்கும் சென்றனர். இன்று எங்கள் வீட்டில் பதினொரு புள்ளிகளுக்கு உரிமை உண்டு. பழுதுபார்க்க ஒருவர் இசைந்தால் மற்றொருவர் இசையார். திருமணத்திற்கும் படைப்பிற்கும் மட்டுமே கதவு திறக்கிறது.

தூண், நிலை, கதவு ஆகியவற்றைப் பெயர்த்து விற்றால் உடனே பணம். சென்ற ஆண்டு எங்கள் பங்காளிகள் கூடி இதனைப் பேசினர். விற்கலாம் என்போரே மிகுதி. அப்பத்தா ஒன்று மட்டும் கேட்டார்: "தூணை வித்துப் பங்கு பிரிச்சுக்கிட்டா, படைப்பை எந்த வீட்டுல வைப்பீக?" எவரும் விடை கூறவில்லை. மழைக்கு முன் ஓடு மாற்ற ஆளுக்கொரு தொகை தருவதென முடிவாயிற்று. விற்பனைப் பேச்சு நின்றுவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் மட்டும் ஓட்டை மாற்றிவிடாது. வீட்டை விடுதியாக்கிக் காத்தோரும் உளர். எல்லார்க்கும் அது இயலாது. விடுமுறைகளில் நான் எங்கள் வீட்டை நூல்பிடித்து அளந்து, அறைதோறும் வாழ்ந்தவர் பெயரை அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வருகிறேன். ஏழு அறைகள் முடிந்தன, நான்கு எஞ்சியுள்ளன. மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் பூட்டிய வீடு ஒன்று இருக்கும். அதன் கதையறிந்த முதியவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள்.