படிப்புப் பலகையின் முகப்பும் நூலகமும்

அச்சிட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையைப் புரட்டிப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். எவரும் நமக்கு வழி காட்ட வேண்டியதில்லை. மின்நூல் படிப்புப் பலகையோ அவ்வாறன்று. அதில் எந்தக் கதவு கடைக்குச் செல்கிறது, எந்தக் கதவு நம் களஞ்சியத்துக்குச் செல்கிறது என்பதை முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்க நாட்டு அமேசான் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கிண்டில் என்னும் பலகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம். 2016ஆம் ஆண்டு முதல் அதில் தமிழ் நூல்களும் கிடைத்து வருகின்றன. அதன் திரை மின்மையால் ஆனது. நண்பகல் வெயிலில் களத்துமேட்டில் அமர்ந்தும் தெளிவாகப் படிக்கலாம்.

பலகையை விழிக்கச் செய்ததும் திரையின் அடிப்பகுதியில் இரண்டு சொற்கள் காணப்படும். ஒன்று 'ஹோம்', மற்றொன்று 'லைப்ரரி'. முன்னதை முகப்பு என்போம். பின்னதை நூலகம் என்போம். முகப்பின் மேல்வரிசையில் நாம் அண்மையில் படித்தவை சில நிற்கும். அதற்குக் கீழே வண்ணவண்ணமாகவோ கருப்பு வெள்ளையாகவோ வரும் அட்டைகள் பெரும்பாலும் நம்முடையவை அல்ல. வாங்குமாறு நம்மை அழைக்கும் சரக்குகள். சந்தை நாளில் துணிக்கடை வாயிலில் தொங்கும் புடவைகளை நம் வீட்டுப் பெட்டியில் உள்ளவை என்று எவரேனும் எண்ணுவரோ? கணக்கில் பணம் செலுத்தும் வழி பதிவாகியிருந்தால் ஓரிரு தொடுதலில் நூல் வாங்கப்பட்டுவிடும். பொதுப் பணத்தைக் காக்கும் பொறுப்புள்ள ஊராட்சி மன்றத்தார் இதனைச் சிறு செய்தியாகக் கருதலாகாது. அமைப்புகள் பகுதியில் 'பேரன்டல் கண்ட்ரோல்ஸ்' என்பதன்கீழ் கடவுச்சொல் வைத்துக் கடையை மூடிவிடலாம். அது குழந்தைகளுக்கென ஏற்பட்டதாயினும் படிப்பகங்களுக்கும் மிகப் பொருத்தமானதே.

இனி நூலகத்தைக் காண்போம். இங்கு 'ஆல்' என்றும் 'டவுன்லோடெட்' என்றும் இரு பிரிவுகள் உண்டு. 'ஆல்' என்பதில் நம் கணக்கில் உள்ள அனைத்தும் தெரியும்; ஆனால் அவற்றுள் பல தொலைவிலுள்ள சேமிப்பகத்தில்தான் இருக்கும். பலகைக்குள் இறங்கியிருப்பவை மட்டுமே 'டவுன்லோடெட்' என்பதில் தெரியும். இணையத் தொடர்பு எட்டாத ஊரில் அட்டையைக் கண்டு மகிழ்ந்து தொட்டால் நூல் திறவாது. வயலில் பூச்சி கண்ட அன்று, கையேடு சேமிப்பகத்தில் இருந்து என்ன பயன்? ஆகவே தொடர்புள்ள இடத்தில் வேண்டியவற்றை முன்னரே இறக்கிவைத்து, திரையை மேலிருந்து கீழாக இழுத்து விமானப் பாங்கை இயக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்த பின்னரே ஊருக்குக் கொண்டுசெல்லுதல் நலம்.

நம் சொந்தக் கோப்புகளையும் இந்நூலகத்தில் சேர்க்கலாம். அனுமதி பெற்ற மின்னஞ்சல் முகவரியிலிருந்து பலகைக்குரிய முகவரிக்கு அனுப்பினால் அவை வந்து சேரும். பிடிஎஃப் கோப்பின் எழுத்து சிறிய திரையில் எறும்புச் சாரைபோல் தோன்றும். இபப் வகையாக அனுப்பினால் முதியோருக்கு ஏற்ப எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்தல் இன்றியமையாதது.

பெயரிடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 'ஸ்கேன் 1', 'ஸ்கேன் 2' என்ற பெயருடன் நாற்பது கோப்புகள் நூலகத்தில் கிடந்தால், அவை இருந்தும் இல்லாதவையே. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இலக்கங்களை முன்னிட்டு, '2024-08-15 கிராம சபைத் தீர்மானம்' என்று பெயரிடுக. தலைப்புவாரியாக அடுக்குமாறு கட்டளையிட்டால் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் தீர்மானங்கள் காலமுறைப்படி தாமே வரிசையில் நிற்கும். பயிர்க் கையேடுகளுக்குத் தனித் தொகுப்பு அமைத்துக்கொள்ளலாம். 'கலெக்‌ஷன்' என்பது அதுவே.

இடம் குறையும்போது நீக்கும் வேலை வரும். 'ரிமூவ் டவுன்லோட்' என்றால் நூல் பலகையை விட்டு நீங்கும், கணக்கில் இருக்கும். 'டெலீட்' என்னும் சொல் கலந்த கட்டளையோ அடியோடு அழித்துவிடும். கணினியிலிருந்து கம்பி வழியாக ஏற்றிய கோப்பாயின் சேமிப்பகத்தில் படி இராது. பலகையிலிருந்து நீக்கினால் நீக்கியதுதான். தீர்மானங்களின் மூலப்படி எப்போதும் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும்.

விலைக்கு வாங்கும் நூலும் முழுமையாக நம் உடைமையாவதில்லை, படிக்கும் உரிமமே நமக்குக் கிடைக்கிறது. 2009ஆம் ஆண்டில், விற்றவருக்கு உரிமை இல்லையென்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களின் படிகளை வாங்கியோரின் பலகைகளிலிருந்தே அந்நிறுவனம் நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வுரிமமும் தனிப்பட்ட பயனுக்கே உரியது. எனவே பொதுப் படிப்பகத்துக்கு அரசுக் கையேடுகளும் காப்புரிமை நீங்கிய நூல்களுமே ஏற்றவை. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்கி வருகிறது.

பலகையைப் பதிவு செய்கையில் எழுத்தரின் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தற்க. அவர் மாறுதல் பெற்றுச் செல்லும்போது பதிவை நீக்கினால் நூலகமும் உடன் சென்றுவிடும். ஊராட்சியின் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லைப் பொறுப்பு ஒப்படைப்பின்போது உறையிலிட்டு, கருவியுடன் சேர்த்துக் கையெழுத்துப் பெற்றுக்கொள்க.