பிள்ளைகள் முதலில் படிக்கும் வேதம்

உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஒரு வரிசை உண்டு. கட்டளைகள் முதலில் பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும். பிறகுதான் பிள்ளைகளுக்குப் போதிப்பது. நாம் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து தொடங்கிவிடுகிறோம். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், அது முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்ததாகச் சொல்கிறார்.

என் தகப்பனார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் சோதனை. சோதனைக்குப் பயந்து அல்ல, ஒரு கல் துணுக்குகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. புத்திமதி சொல்லத் தெரியாதவர். இரவு ஷிப்டுக்குப் போகுமுன் முழங்காலில் நிற்பார், அவ்வளவுதான். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த முழங்கால்கள் இன்னும் என் கண்முன் நிற்கின்றன.

நானோ ரயில்வே இஞ்சினீயர். ஞாயிறு பள்ளி ஆசிரியர் வேறு! ஒரு வருஷம் பாஸ் தீர்ந்துபோயிருந்தது. பங்காருப்பேட்டை கவுண்டரில் மகனுக்கு அரை டிக்கெட் கேட்டேன். "அப்பா, எனக்குப் போன மாசமே 12 முடிஞ்சிருச்சே" என்றான், வரிசை முழுவதும் கேட்கும்படி. முழு டிக்கெட் வாங்கினேன். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவன் முன்னிலையில் என் தவறை அறிக்கையிட்டேன். ஜெபத்தை அவனே முடித்தான்.