விரலைத் தொடர்ந்த கண்கள்

2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனயில், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது நாங்கள் பக்கத்தில், பல்லேகலயில் இருந்தோம். எங்கள் வீடு தப்பியது. ஆனால் அந்த டயர் எரிந்த வாடை வருடக்கணக்கில் என்னை விடவில்லை. அயலில் யாராவது குப்பை எரித்தாலே கை நடுங்கும். எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். "உசிர் தப்பினதே பெரிய விசயம், மறந்திடு மகன்" என்பார் உம்மா. அதுதான் முடியவில்லை.

கடைசியில் கண்டியில் ஓர் உளவியலாளரிடம் போனேன். அவர் செய்தது ஈ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1987இல் கண்டறிந்த முறை இது. மனவடுவுக்கான சிகிச்சைகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது.

முதல் இரண்டு அமர்விலும் கண்ணுக்கு வேலையே இல்லை. என் கதையைக் கேட்டார். மனம் கலங்கினால் நினைத்து ஆறுவதற்கு ஓர் இடத்தைத் தெரிவு செய்யச் சொன்னார். நான் மகாவலிக் கரையைச் சொன்னேன்.

மூன்றாம் அமர்வில், அந்த இரவின் மிக மோசமான காட்சியை நினைக்கச் சொல்லி, கலக்கத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி கேட்டார். 9 என்றேன். அவருடைய இரண்டு விரல்கள் இடமும் வலமும் போய்வந்தன. தலையை அசைக்காமல் கண்ணால் தொடர்ந்தேன். அரை நிமிடத்துக்கொரு தடவை நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்று கேட்டார். முதலில் நெஞ்சு இறுகியது. பிறகு புகை. பிறகு, அன்றிரவு எங்களைத் தன் வீட்டுக்குள் எடுத்துக் கதவைச் சாத்திய சிங்கள அம்மா, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிய கை. அதை நான் மறந்தேபோயிருந்தேன்.

நினைவையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடர்வது மூளைக்கு இரட்டை வேலை. அதில் காட்சியின் கூர் மழுங்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம்.

நான் கற்றவை:

• யூடியூப் பார்த்துத் தனியே செய்யாதீர்கள். பயிற்சி பெற்றவரிடமே போங்கள்.
• அமர்வு நாளில் வேறு வேலை வைக்காதீர்கள். அன்றிரவு கெட்ட கனவு வரலாம். எழுதிவைத்து அடுத்த முறை சொல்லுங்கள்.
• தாங்க முடியாவிட்டால் கையை உயர்த்தி நிறுத்துங்கள். அந்த உரிமை உங்களுடையது.
• கண் களைத்தால் கைகளில் மாறி மாறித் தட்டும் முறையும் உண்டு.

நினைவு அழியவில்லை. புகை வாடை வந்தால் இப்போது யன்னலைச் சாத்துகிறேன், அவ்வளவுதான். உங்களுக்குள்ளும் ஓர் இரவு முடியாமல் நின்றால் ஒளித்து வைக்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இன்றே பேசுங்கள்.