மூளைக் குழாய்க்கு ஸ்டென்ட் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்குப் போன மாதம் லேசான பக்கவாதம். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் 80 சதவீதம் சுருங்கியிருக்கிறதாம். இதயத்துக்கு வைப்பதுபோல ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 'சாம்ப்ரிஸ்' ஆய்வு இதே கேள்வியை 451 பேரிடம் சோதித்தது. 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களில் 14.7 சதவீதம்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8. 2011-இல் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். மயிரிழை போன்ற கிளைக்குழாய்களை ஸ்டென்ட் அடைத்துவிடக்கூடும், ரத்தக்கசிவும் நேரலாம்.

அந்த மருந்து சிகிச்சை லேசானதல்ல: ஆஸ்பிரினுடன் 90 நாள் குளோபிடோக்ரெல், மேல் ரத்த அழுத்தம் 140-க்குக் கீழ், கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ். அப்பாவின் மாத்திரை டப்பாவை ராத்திரி நீங்களே திறந்து பாருங்கள். இத்தனைக்கும் பிறகு பக்கவாதம் திரும்பினால், ஸ்டென்ட் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேசலாம்.