நெட்வொர்க் படிக்க வீட்டு ரவுட்டர்

நெட்வொர்க்கிங் குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்ததும், நெட்வொர்க் தொடர்பை அடுக்கடுக்காகப் பிரித்து விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் 7 அடுக்குகளை மனப்பாடம் செய்வதைவிட, வீட்டில் இணையம் நின்றுபோகும் நேரத்தைப் பாடமாக்கிக்கொள்வது மேல். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கட்டளையைத் தட்டுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரியே வந்து சேரவில்லை. வயரையும் வைஃபையையும் பாருங்கள். முகவரி சரியென்றால் முதலில் அதே திரையில் தெரியும் டீஃபால்ட் கேட்வே (அதாவது ரவுட்டர்) எண்ணுக்கும், பிறகு இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கும் பிங் அனுப்புங்கள். இரண்டும் பதில் தந்தும் தளங்கள் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

அடுக்குகள் தெரியாமல் தேர்வு எழுத முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் கேபிள், ஐபி, டிஎன்எஸ் என்று கீழிருந்து மேலே தேடிப் போனவருக்கு அந்த வரிசை எளிதில் பிடிபடும். பழகிப் பார்க்க நெட்வொர்க் சுவிட்ச் வாங்கக் காசில்லையே என்ற கவலையும் வேண்டாம். நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம்.