சம்பளத்தில் தொடங்குங்கள்

உப்பல் ரோட்டில் இருக்கும் ஆய்வகங்களுக்குக் கருவிகள் சப்ளை செய்யும் கம்பெனியில் மேலாளராக இருக்கிறேன். எங்களை மும்பை நிறுவனம் ஒன்று வாங்குகிறது. அறிவிப்பு வந்துவிட்டது, ஆனால் 'முழு விவரம் தெரியும்வரை ஊழியர்களிடம் எதுவும் பேசாதீர்கள்' என்கிறது மேலிடம். என் கீழ் 40 பேர். என்ன செய்வது?
– வாசகர், ஹப்சிகுடா, ஹைதராபாத்

அந்த 40 பேரும் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எட்டாம் நம்பர் தெருவில் டீ குடிக்கும்போது உங்களைவிட அதிகமாகவே அவர்களுக்குத் 'தெரியும்', அதுவும் பாதி தப்பாக. 'முழு விவரம் தெரியும்வரை' என்று சொல்கிற மேலிடத்தை நானும் பல இடங்களில் பார்த்துவிட்டேன். முழு விவரம் ஒருநாளும் வராது. அதற்குள் நல்ல ஆட்கள் வேறு வேலை பார்த்துப் போய்விடுவார்கள், போக வழியில்லாதவர்கள் மிஞ்சுவார்கள்.

விலை, ஒப்பந்த விதிகள் இதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். உங்கள் ஆட்களுக்கு அது தேவையும் இல்லை. அடுத்த மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருமா, பி.எஃப். என்ன ஆகும், நாளைக்கு யாரிடம் லீவு கேட்க வேண்டும், ஆபீஸ் இங்கேயே இருக்குமா? இந்த நான்கையும் மேலிடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காததற்கு, 'இது இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதியில் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். அந்தத் தேதியில் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து நில்லுங்கள்.

உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 2009 ஜனவரி 7-ம் தேதி, ஐ.டி. கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியிருந்த பல ஆயிரம் கோடி ரூபாய் கையில் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். சுமார் 50,000 பேர் வேலை பார்த்த கம்பெனி. அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு கிரண் கார்னிக், தீபக் பரேக், சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன் முதலியோரை உட்கார வைத்தது. 'தொலைநோக்கு' என்று அவர்கள் யாரும் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கவில்லை. சம்பளத்துக்கு வழி தேடினார்கள். வாடிக்கையாளர்களிடம் நிலுவையை வசூலித்தார்கள், வங்கிகளிடம் 600 கோடி கடன் ஏற்பாடு செய்தார்கள். பிப்ரவரியில் தலைமைச் செயல் அதிகாரியாக வெளியிலிருந்து நட்சத்திரம் யாரையும் இறக்காமல், 1994 முதல் அங்கேயே இருந்த ஏ.எஸ். மூர்த்தியை நியமித்தார்கள். ஊழியர்களுக்கு முகம் தெரிந்த ஆள். ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் வென்றது.

அதற்குப் பிறகு நடந்தது கசப்பானது. புராஜெக்ட் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை 'வெர்ச்சுவல் பூல்' என்று வீட்டில் உட்கார வைத்தார்கள். பெயரைப் பாருங்கள், நீச்சல் குளம் மாதிரி! ஆனால் அடிப்படைச் சம்பளமும் பி.எஃப்பும் மருத்துவக் காப்பீடும் உண்டு, அதிகபட்சம் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டார்கள். கெட்ட செய்திதான். என்றாலும் அதை வைத்து ஒருவர் இ.எம்.ஐ. கணக்குப் போடலாம், ஊருக்குப் போவதா இங்கேயே வேலை தேடுவதா என்று முடிவெடுக்கலாம். 'கவலைப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்ற பேச்சை வைத்து என்ன கணக்குப் போட முடியும்?

இன்னொன்று. 40 பேரையும் ஒன்றாகக் கூட்டுவதற்கு முதல்நாள் உங்கள் சூப்பர்வைசர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கூட்டம் கலைந்ததும் சூப்பர்வைசரிடம் போய் 'என்ன சார் இது?' என்பார்கள். அவரும் 'எனக்கும் இப்போதான் தெரியும்பா' என்றால் நீங்கள் பேசியது அத்தனையும் வீண்.

கம்பெனியில் பெரிய மறுசீரமைப்பு வருகிறது. அதற்கு முன் ஊழியர்களை உற்சாகப்படுத்த ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைக்க நினைக்கிறோம். யாரை அழைக்கலாம்?
– வாசகர், சென்னை

யாரையும் வேண்டாம். அந்தப் பணத்தில் கேன்டீனைச் சரிசெய்யுங்கள்.

எங்கள் பம்ப் தொழிற்சாலையில் அப்பா காலத்துக் கணக்குப்பிள்ளை இருக்கிறார். புது சாஃப்ட்வேரைத் தொடவே மறுக்கிறார். அனுப்பிவிடலாமா?
– வாசகர், கோவை

தொட மறுக்கிறாரா, தொடத் தெரியவில்லையா? இருபத்திரண்டு வயதுப் பையன் முன்னால் எதை அழுத்துவது என்று தெரியாமல் நிற்க அவருக்குக் கூச்சம். ஆபீஸ் முடிந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த டீலர் எந்த மாதம் இழுத்தடிப்பார் என்பது அவர் தலையில்தான் இருக்கிறது, சாஃப்ட்வேரில் இல்லை.

எங்கள் வங்கி பெரிய வங்கியோடு இணைக்கப்பட்டு வருடங்கள் ஆகியும் கிளையில் 'நாங்கள்', 'அவங்க' என்றே பேச்சு ஓடுகிறது. புதிய மேலாளராக வந்திருக்கிறேன்.
– வாசகர், திருச்சி

பயப்படாதீர்கள், இது சகஜம். ஸ்டேட் பாங்க் ஆஃப் ஹைதராபாத் 1941-ல் நிஜாம் ஆட்சியில் தொடங்கியது, அந்த சமஸ்தானத்தின் சொந்த நாணயமான உஸ்மானியா சிக்காவையே நிர்வகித்த வங்கி. 2017 ஏப்ரல் 1-ல் எஸ்.பி.ஐ.யோடு கலந்தது. அப்படிப்பட்ட பெயர்ப்பலகை இறங்கினால் மனசு வலிக்காதா? வலிக்கட்டும், அதைத் தடுக்காதீர்கள். 'உங்க பழைய பாங்க்ல' என்று யாராவது நக்கலாக ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய வங்கியிலிருந்து வந்தவர்கள் அங்கே நன்றாகச் செய்துவந்த ஒரு வேலைமுறையைக் கேட்டு, உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தால் கிளையில் கொண்டுவாருங்கள். சீனியாரிட்டி சந்தேகங்களை வாய்வார்த்தையில் தீர்க்கப் பார்க்காதீர்கள், எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பி பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பகை அந்தச் சீனியாரிட்டிப் பட்டியலில்தான் இருக்கிறது.

எங்கள் முதலாளி ஒரு வருஷம் ஃபைவ் எஸ், அடுத்த வருஷம் கைசென், இப்போது ஏ.ஐ. என்கிறார். ஊழியர்கள் எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களை எப்படி மாற்றுவது?
– வாசகர், சேலம்

ஊழியர்கள் சரியாகத்தான் இருக்கிறார்கள். ஃபைவ் எஸ் என்ன ஆயிற்று என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.