கடைப் பொட்டலமும் குப்பை மேடும்



நாம் விற்கும் சரக்கு வீட்டில் சமையலாகிறது. அதைச் சுற்றி வந்த உறை அன்றே குப்பைக்குப் போகிறது. அது பிறகு என்ன ஆகிறது என்பதை நாமும் தெரிந்துகொள்வது அவசியம்.

சென்னை மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் கொட்டப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடி மேட்டில் 2022 ஏப்ரலில் பற்றிய தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கிலும் தீப்பிடித்தது.

தீ பிடிப்பது ஏன்? வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, மீந்த சோறு, காய்கறித் தோல் போன்ற மக்கும் பொருள். அது பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் என்னும் எரியும் வாயு உண்டாகிறது. மழை நீர் உள்ளே இறங்கிக் கறுப்புச் சாறாகக் கசிந்து நிலத்தடி நீரையும் கெடுக்கிறது. பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணிக்கு ஆகும் செலவு பல நூறு கோடி ரூபாய். அது நம் வரிப்பணம்.

இதில் நமது பங்கு என்ன? அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், பால் கவர் ஆகியவை பழைய பொருள் கடையில் விலை போகும். ஷாம்பு, ஊறுகாய் சிறு பாக்கெட்டுகளை எவரும் வாங்குவதில்லை. பல அடுக்குகளாக ஒட்டிய உறையைப் பிரித்து உருக்குவது கடினம். ஆகவே அவை மேட்டிலேயே தங்கிவிடுகின்றன.

நாம் செய்யத்தக்கவை:

1. அரிசி, பருப்பு, புளி, வெல்லம், வற்றல் ஆகியவற்றை உதிரியாக நிறுத்துக் கொடுக்கலாம். பாத்திரம், பை கொண்டுவருவோரை முதலில் கவனியுங்கள். எண்ணெயையும் அரைத்த மசாலாப் பொடியையும் உதிரியாக விற்கச் சட்டம் இடம் தருவதில்லை.

2. தமிழகத்தில் 1-1-2019 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. கைப்பை எவ்வளவு கனமானாலும் தடைதான். மஞ்சப்பையும் பலமுறை பயன்பட்டால்தான் பலன்.

3. அன்றாடக் கூலிக்காரருக்குச் சிறு பாக்கெட் உதவி. மாதச் சாமான் வாங்குவோருக்குப் பெரிய பாக்கெட்டை எடுத்துக் காட்டுங்கள். சில சரக்கில் சிறு பாக்கெட்டே மலிவு. கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

4. இருவர் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோ ரவையைத் தள்ளிவிட வேண்டாம். கடையிலும் முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும்.

“வாங்குவதைக் குறைக்கச் சொன்னால் வியாபாரம் என்ன ஆவது?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மொத்த வியாபாரத்தில் நான் கண்டது இது: வண்டு பிடித்த ரவையைக் கொட்டிய குடும்பம் அடுத்த மாதம் வேறு கடை பார்க்கிறது. அளவறிந்து கொடுத்த கடையைத் தேடி வருகிறது. நமக்கு லாபம் தருவது திரும்பி வரும் வாடிக்கை.

ஒரு மாதம் பைக்கும் காலாவதிச் சரக்குக்கும் ஆகும் செலவைக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பற்றாக எழுதிப் பாருங்கள். குப்பையைக் குறைப்பதால் கல்லாவில் மிஞ்சுவது எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும்.